இரைச்சலைக் கேளுங்கள், எர்த்தை வெட்டாதீர்கள்



என் வலப்பக்கம் மேசைமேல் ஒரு கிட்டார் ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் மாணவி ஒருவருடையது. நேற்று மாலை என் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். "சார், கொர்ருன்னு கத்திக்கிட்டே இருக்கு. உள்ள இருக்கிற பார்ட்ஸ் எல்லாத்தையும் மாத்திடுங்க" என்றார். நான் ஸ்குரூடிரைவரைக் கையில் எடுக்கவில்லை. "நாளைக்குக் கூட்டத்துக்கு வாம்மா, எல்லோரும் சேர்ந்து கேட்போம்" என்றேன். இப்போது சுவிட்சைப் போடுகிறேன். கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள்.

கேட்கிறதா? இதை இரைச்சல் என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுகிறோம். இன்னொரு முறை கேளுங்கள். அடியில் 'உம்ம்' என்று கனமாக ஒரு நாதம் நிற்கிறது. அதன்மேல் 'ஜிர்ர்' என்று கூர்மையாக இன்னொன்று ஓடுகிறது. இரண்டு ஒலிகள், இரண்டு காரணங்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருக்கிறேன். ஒரு பெட்டியில் இரண்டு பழுதுகள் சேர்ந்திருக்கும்போதுதான் பெரும்பாலான மெக்கானிக்குகள் வழி தவறுகிறார்கள். ஒன்றைச் சரிசெய்த பிறகும் சத்தம் முழுக்கப் போகாது. உடனே, செய்த வேலையே தப்போ என்று சந்தேகம் வந்து, சரியாக இருந்த பகுதியையும் கழற்றிப் போடுவார்கள். இரண்டு ஒலிகளையும் காதால் முதலிலேயே பிரித்துவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

காதால் பிரிப்பது நமக்குப் புதிதா? தம்புரா மீட்டுகிறவர்களைக் கேளுங்கள். குதிரைக்கும் தந்திக்கும் நடுவே ஒரு நூலை வைத்து, அதை மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ரீங்காரம் பூக்கும் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள். அதற்கு ஜீவா என்றே பெயர் வைத்திருக்கிறோம். நூல் ஓரிழை விலகினாலும் தந்தி ஊமையாகிவிடும், அல்லது கரகரக்கும். அந்த வித்தியாசத்தைக் கேட்கத் தெரிந்த காதுக்கு ஆம்ப்ளிஃபயரின் இரைச்சலைப் படிப்பது எளிது. விலை உயர்ந்த அளவுகருவி என்னிடம் இருக்கிறது. இருந்தாலும் அதைக் கடைசியில்தான் எடுப்பேன்.

முதலில் அந்த அடிநாதம். நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், நொடிக்கு 50 சுழற்சி. அந்த 50 எப்படியாவது இசை போகும் பாதையில் கலந்துவிட்டால், மேற்கத்திய சுருதியில் 'ஜி' என்னும் சுரத்துக்குச் சற்று மேலே மிகத் தாழ்ந்த நாதமாகக் கேட்கும். ஆம்ப்ளிஃபயருக்குள் மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும்போது ஒவ்வொரு சுழற்சியின் இரண்டு பாதிகளும் பயன்படுவதால், அங்கே மிஞ்சும் அலைவு 100 சுழற்சியாக இருக்கும். அது 50-க்கு ஒரு ஸ்தாயி மேலே நிற்கும்.

இதைப் பாடகர்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். ஒரு கட்டை சுருதியில் பாடுகிறவருக்கு ஆதார ஷட்ஜம் ஏறத்தாழ 131. அதன் மந்திர பஞ்சமம் 98. ஆம்ப்ளிஃபயரில் ஒரு 100 உறுமிக்கொண்டிருந்தால், அவருடைய தம்புராவின் பஞ்சமத்தோடு அது நொடிக்கு இரண்டு முறை மோதும். 'வ்வோம்... வ்வோம்...' என்று ஓர் ஊசலாட்டம் கேட்கும். ஐந்து கட்டை சுருதியில் பாடும் பெண்மணிக்கு ஆதார ஷட்ஜமே 196. இரைச்சலின் அடுத்த ஸ்தாயியான 200 அதோடு நொடிக்கு நான்கு முறை மோதும். "இன்னைக்கு என்னவோ சுருதி சேரல" என்று பாடகர் தம்புராக்காரரைத் திரும்பிப் பார்ப்பார். தம்புராக்காரர் பிரடையைத் திருகுவார். குற்றம் ஸ்பீக்கரில் இருக்கும். எத்தனையோ கச்சேரிகளில் இது நடந்ததைப் பார்த்திருக்கிறேன். யாரும் கவனிக்காத ஒரு தம்புரா, சுருதி சேர்க்கவே முடியாத தம்புரா, மேடையில் முழு நேரமும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. இதைச் சின்ன விஷயம் என்று என்னால் விட முடியாததற்கு இதுதான் காரணம்.

அமெரிக்காவுக்குக் கச்சேரிக்குப் போகிறவர்கள் அங்கே இரைச்சலின் சுருதியே மாறியிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே மின்சாரம் 60 சுழற்சி. ஆகவே உறுமல் 60-லும் 120-லும் நிற்கும்.

இரண்டாவது ஒலி, 'ஜிர்ர்'. அதுவும் மின்சாரத்திலிருந்து வருவதுதான். ஆனால் 50-இன் மடங்குகள் பல ஒன்றாக அடுக்கி வருவதால் கூர்மையாகக் கேட்கிறது. ஃபேன் ரெகுலேட்டர், அலங்கார விளக்கின் டிம்மர், பழைய சோக் போட்ட டியூப் லைட், சார்ஜர் இவையெல்லாம் மின் அலையை நறுக்கி நறுக்கி எடுக்கிறவை. நறுக்கிய இடத்தில் விளிம்பு கூராக இருக்கும், அந்தக் கூர்மைதான் காதில் குத்துகிறது. ஒரு எச்சரிக்கை: சிறிய ஸ்பீக்கரால் 50-ஐச் சரியாக ஒலிக்க முடியாது. அதனால் சின்னப் பெட்டியில் அடிநாதம் கேட்கவில்லை என்பதற்காக அது இல்லை என்று முடிவுசெய்யாதீர்கள். உள்ளங்கையை ஸ்பீக்கர் கூம்பின்மேல் மெதுவாக வைத்துப் பாருங்கள், அதிர்வு தெரியும்.

சரி, மாணவியின் பெட்டிக்கு வருவோம். கிட்டாரிலிருந்து வரும் கேபிளை ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உருவுகிறேன். கேட்டீர்களா? 'ஜிர்ர்' போய்விட்டது. 'உம்ம்' இருக்கிறது. பெரும்பாலான கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களில் உள்ளீட்டு ஜாக்கில் ஒரு சிறு தகடு இருக்கும். பின்னை உருவியதும் அது உள்ளீட்டைத் தரையோடு சேர்த்துவிடும். ஆகவே வெளியிலிருந்து எதுவும் உள்ளே நுழைய வழியில்லை. இப்போது நிற்கும் ஒலி பெட்டிக்குள் பிறந்தது, போன ஒலி வெளியிலிருந்து வந்தது. ஒரு திருகாணியைக்கூடக் கழற்றாமல் பாதி வேலை முடிந்தது.

வெளியே இருப்பது கேபிளா, கிட்டாரா? பின்னை மறுபடி செருகுகிறேன். 'ஜிர்ர்' திரும்ப வந்தது. கிட்டாரின் வால்யூமை முழுக்கக் குறைக்கிறேன். குறையவில்லை. கிட்டாருக்குள் பிறந்த சத்தமாக இருந்தால் இந்தக் குமிழைத் திருகியதும் தணிந்திருக்கும். ஆகவே சந்தேகம் கேபிள்மேல். என் கேபிளைப் போடுகிறேன். போய்விட்டது. மாணவியின் கேபிளை எடுத்துப் பின்னின் மூடியைக் கழற்றுகிறேன். முன்வரிசையில் இருப்பவர்கள் பார்க்கலாம். நடுக்கம்பி பற்றவைத்தபடி இருக்கிறது. சுற்றிவர வேண்டிய பின்னல் கம்பி பற்றிலிருந்து விட்டுப்போய், ஓரிரண்டு இழைகள் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கின்றன.

அந்தப் பின்னல் கம்பிக்கு இரண்டு வேலை. இசை திரும்பிப் போகும் பாதை அதுதான், நடுக்கம்பிக்கு வேலியும் அதுதான். உலோக வேலிக்குள் இருக்கும் பொருளை வெளி மின்புலம் தீண்டாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836-இல் ஓர் அறையையே உலோகத்தால் மூடிக் காட்டினார். நம் கேபிளில் ஓடுவது அந்த அறைதான், நீளமாக இழுத்த வடிவில். வேலி அறுந்தால் நடுக்கம்பி ஏரியலாகிவிடும், அறையில் உள்ள ஒவ்வொரு விளக்கும் அதில் பேசும். என் பட்டறைக்கு வரும் இரைச்சல் புகார்களில் நான் முதலில் கையில் எடுப்பது கேபிளைத்தான். பலமுறை வேலை அதோடே முடிந்துவிடும். சிலர் ஸ்பீக்கருக்குப் போகும் இரட்டைக் கம்பியை எடுத்து இரண்டு முனையிலும் பின் பற்றவைத்துக் கிட்டாருக்குப் போட்டுவிடுகிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருக்கும். அதில் வேலியே கிடையாது.

கேபிள் நன்றாக இருந்தும் சத்தம் வந்தால் வாத்தியத்தைப் பார்க்க வேண்டும். கிட்டார் வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். கையால் தந்திகளைத் தொடுங்கள். தொட்டதும் சத்தம் குறைந்தால் தந்திகள் தரையோடு சரியாக இணைந்திருக்கின்றன என்று பொருள். உங்கள் உடம்பே ஓர் ஏரியல். தந்தியைத் தொட்டதும் அதுவும் தரையோடு சேர்ந்துகொள்கிறது. வாத்தியத்தின் உட்குழிக்குள் செப்புத் தகடு ஒட்டினால் தொடாதபோதும் சத்தம் தணியும். தொட்டும் மாற்றமில்லை, அல்லது தொட்டதும் சத்தம் கூடுகிறது என்றால், பிரிட்ஜுக்குப் போகும் தரைக்கம்பி அறுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

வீணையில் கான்டாக்ட் மைக் ஒட்டி வாசிக்கிறவர்கள் இங்கே பலர் இருக்கிறீர்கள். பித்தளைத் தட்டின்மேல் வெண்மையான படிகம் ஒட்டிய வில்லை அது. பித்தளைப் பக்கம் பின்னல் கம்பிக்கும், வெள்ளைப் பக்கம் நடுக்கம்பிக்கும் போக வேண்டும். மாற்றிப் பற்றவைத்தால் அந்த அகலமான பித்தளைத் தட்டு முழுவதும் ஏரியலாகும். அதன் பக்கத்தில் விரல் போனாலே உறுமும். இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் பற்றவைக்க ஐந்து நிமிடம் போதும். ஒரு மூத்த வைணிகர் இந்த ஒரு காரணத்துக்காகவே பல ஆண்டுகள் கான்டாக்ட் மைக்கை வெறுத்து ஒதுக்கியிருந்தார். மாற்றிக் கொடுத்த அன்று வீணையை மடியில் வைத்துக்கொண்டு, வாசிக்காமலே வெகுநேரம் அந்த அமைதியைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

காந்தமும் சுருளும் கொண்ட பிக்கப்பில் இன்னொரு வகைச் சத்தம் வரும். செப்புத் தகடு எவ்வளவு ஒட்டினாலும் அது போகாது. ஏனென்றால் அது காந்தப்புலமாக வருகிறது. கிட்டாரைப் பிடித்தபடியே மெல்லத் திரும்புங்கள். ஒரு திசையில் சத்தம் கூடும், ஒரு திசையில் ஏறக்குறைய மறையும். அப்படி மாறினால் பக்கத்தில் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்று இருக்கிறது. சில சமயம் அது உங்கள் ஆம்ப்ளிஃபயரின் டிரான்ஸ்ஃபார்மராகவே இருக்கும். இரண்டு அடி தள்ளி உட்கார்ந்தாலே போதும். இந்தத் தொல்லைக்கு முடிவு தேடித்தான் அமெரிக்காவில் கிப்சன் நிறுவனத்தின் பொறியாளர் சேத் லவர் 1955-இல் இரட்டைச் சுருள் பிக்கப்புக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதுதான் ஹம்பக்கர். இரண்டு சுருள்களை எதிரெதிர் திசையில் இணைத்து, காந்த முனைகளையும் எதிரெதிராக வைத்தார். தந்தியின் அசைவு இரண்டிலும் ஒரே திசையில் சேர்ந்து கூடுகிறது. வெளியிலிருந்து வரும் உறுமல் இரண்டிலும் எதிரெதிராக வந்து கழிந்துவிடுகிறது. எவ்வளவு எளிய யோசனை! இரைச்சலைத் தடுக்க அவர் சுவர் எழுப்பவில்லை, அதை அதனோடே மோதவிட்டார். காப்புரிமை 1959-இல் கிடைத்தது. தொடக்க காலத்தில் வந்த பல ஹம்பக்கர்களின் அடியில் 'காப்புரிமை விண்ணப்பிக்கப்பட்டது' என்ற சீட்டு ஒட்டியிருக்கும். அந்தச் சீட்டுக்காகவே இன்று பெரும் விலை கொடுக்கிறார்கள்.

எஃபெக்ட் பெடல்களை நான் நீட்டப்போவதில்லை. ஒவ்வொன்றாக விலக்குங்கள், அடாப்டரை எடுத்துவிட்டு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரியில் அமைதியாக இருந்தால் குற்றம் அடாப்டருடையது, அவ்வளவுதான். பக்கத்தில் இருக்கும் பழைய வகைச் செல்போன் 'டிட்டிடிட் டிட்டிடிட்' என்று கலந்தால் அது நொடிக்கு 217 முறை வெடித்து வெடித்து அலை அனுப்புவதால் வருவது. போனைத் தள்ளி வையுங்கள்.

இப்போது நான் இங்கே நிற்பதற்கே காரணமான விஷயத்துக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். எனக்கு இருபது வயது, ஒரு மைக் செட்காரரிடம் உதவியாள். ஒரு கல்யாண ரிசப்ஷனில் கீபோர்டு ஆம்ப்ளிஃபயரை மிக்ஸரோடு இணைத்ததும் உறுமத் தொடங்கியது. மாப்பிள்ளை பெண் மேடை ஏறும் நேரம். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். ஒருவர் காதில் சொன்னார்: "எர்த் பின்னை ஒடிச்சுடு, நின்னுடும்." கட்டிங் பிளையரை எடுத்து மூன்று முனைப் பிளக்கின் பெரிய பின்னை வெட்டினேன். உறுமல் உடனே நின்றது. முதுகில் தட்டினார்கள். அந்த ஆம்ப்ளிஃபயர் அதே பிளக்கோடு அடுத்தடுத்த மேடைகளுக்குப் போயிற்று. ஒன்றரை மாதம் கழித்து ஒரு கோயில் திருவிழாவில் கிட்டார் வாசிக்க வந்த தம்பி, தந்தியில் கை வைத்தபடி பாடுவதற்காக மைக்கில் உதட்டை வைத்தார். தூக்கி எறியப்பட்டதுபோலப் பின்னால் விழுந்தார். பிழைத்துக்கொண்டார். உதட்டில் கொப்புளம், கையில் தீப்புண். பெட்டியைத் திறந்து பார்த்தோம். டிரான்ஸ்ஃபார்மரின் காப்பு கருகி, 230 வோல்ட் பெட்டியின் உலோக உடலுக்கே வந்திருந்தது. எர்த் இருந்திருந்தால் அந்த மின்சாரம் மண்ணுக்குப் போயிருக்கும், ஃபியூஸ் போயிருக்கும், பெட்டி செத்துப்போயிருக்கும். நான் வெட்டியதால் அது ஒரு மனிதனின் கையிலிருந்து உதட்டுக்கு வழி தேடிக்கொண்டது. அந்தத் தம்பியின் முகம் இன்றும் என் கண்ணில் இருக்கிறது.

இது நம் ஊரில் மட்டும் நடப்பது இல்லை. 1965-இல் கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ மேடையில், ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் தன் கிட்டார் மைக் ஸ்டாண்டில் பட்டதும் நினைவிழந்து விழுந்தார். அவர் எழுந்துவிட்டார். 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சியில், ஸ்டோன் தி குரோஸ் குழுவின் லெஸ் ஹார்வி கிட்டாரோடு நின்று மைக்கைத் தொட்டார். எர்த் சரியில்லாத இணைப்பு. ரசிகர்கள் கண்முன்னே மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார்.

சரி, எர்த்தை வெட்டினால் சத்தம் ஏன் நிற்கிறது? அதைப் புரிந்துகொண்டால் வெட்டாமலே நிறுத்தலாம். மட்டம் சற்று வேறுபட்ட இரண்டு வயல்களை நினைத்துக்கொள்ளுங்கள். தனித்தனியாக இருக்கும்வரை நீர் அசையாது. நடுவரப்பில் மடையைத் திறந்தால் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓட ஆரம்பிக்கும். மேடையில் ஆம்ப்ளிஃபயர் ஒரு பிளக்கில் இருக்கிறது. அரங்கின் பின்பக்கத்தில் மிக்ஸர் இன்னொரு பிளக்கில் இருக்கிறது. இரண்டு பிளக்குகளின் எர்த்துக்கும் நடுவே மிகச் சிறிய வேறுபாடு எப்போதும் இருக்கும், சில மில்லிவோல்ட்டாக இருந்தாலும். கேபிளின் பின்னல் கம்பி இந்த இரண்டையும் இணைக்கும் மடை. 50 சுழற்சி மின்சாரம் அதன்வழியே ஓடத் தொடங்கும். இசை திரும்பும் பாதையும் அதே கம்பி என்பதால், ஓடுவது அப்படியே இசையோடு கலக்கும். பிக்கப்பிலிருந்து வரும் இசையும் பல சமயம் அதே மில்லிவோல்ட் அளவுதான் என்பதை நினைத்துப் பாருங்கள். இதைத்தான் கிரவுண்ட் லூப் என்கிறோம். எர்த் பின்னை வெட்டினால் ஒரு வயலை அடியோடு துண்டித்துவிடுகிறீர்கள், ஓட்டம் நிற்கிறது. அதோடு அந்த ஆம்ப்ளிஃபயரைத் தொடுகிறவரின் உயிர்க்காப்பும் போகிறது.

மடையை அடைக்க வேறு வழிகள் இருக்கின்றன. மேடையில் உள்ள எல்லா வாத்தியப் பெட்டிகளுக்கும் மிக்ஸருக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். அலங்கார விளக்கும் சீரியல் செட்டும் அந்த வரியில் சேரவே கூடாது. பந்தல் போடும்போதே மின்பணியாளரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும், கச்சேரி தொடங்கிய பிறகு சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். அதுவும் போதவில்லை என்றால் டிஐ பாக்ஸ் என்னும் சிறிய பெட்டியை நடுவில் வையுங்கள், டிரான்ஸ்ஃபார்மர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். இசை காந்தம் வழியாகக் கடந்துபோகும், தரை இணைப்பு கடக்காது. அதில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்று ஒரு சுவிட்ச் இருக்கும். அது இசைக் கேபிளின் தரையைத்தான் பிரிக்கிறது, மின்சார எர்த்தைத் தொடுவதில்லை. தாராளமாகப் போடலாம். ஒரு வாத்தியக்காரர் தன் பையில் தந்தி, பேட்டரி, கேபிள் வைத்துக்கொள்வதுபோல இதையும் வைத்துக்கொண்டால், ஊர் ஊராகப் போகும்போது பாதித் தொல்லை தீரும்.

ஆனால் பிளக்கில் எர்த் பின் இருக்கிறது என்பதால் எர்த் இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள். நம் ஊர் மண்டபங்களில் எத்தனை சாக்கெட்டுகளில் பெரிய துளைக்குப் பின்னால் கம்பியே இல்லை! பிளக் இல்லாமல் வெறும் கம்பிகளைத் துளையில் சொருகித் தீக்குச்சியால் முட்டுக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. கம்பி இருந்தாலும், கரியும் உப்பும் போட்டுப் பதித்த எர்த் குழி கோடையில் வறண்டு கிடந்தால் அது பெயருக்குத்தான் எர்த். அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது பழைய தலைமுறை மின்பணியாளர்களுக்குத் தெரியும். மண்டபத்தை நடத்துகிறவர்கள் யாராவது இங்கே இருந்தால் அந்தக் குழி எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மின்பணியாளரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. அதற்கு மேல் ஏறினால், கச்சேரிக்கு முன்பே காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். சற்றே கசிவு ஏற்பட்டாலும் வரியைத் துண்டித்துவிடும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றை மேடை வரியில் போடுவதும் அவசியம்.

லேப்டாப்பிலிருந்து பின்னணி இசை போடுகிறவர்கள் கேட்பீர்கள்: "சார்ஜர் போட்டா ஜிர்ருங்குது, எடுத்தா நின்னுடுது. உடம்பைத் தொட்டா விறுவிறுங்குது." இரண்டு முனைச் சார்ஜரின் உள்ளே, இரைச்சலை வடிப்பதற்கென்றே வைத்த சிறு கெப்பாசிட்டர் ஒன்று மிகக் குறைந்த மின்சாரத்தை உடலுக்குக் கசியவிடும். தரை கிடைக்காததால் அது தொங்கலில் நிற்கிறது. அந்த விறுவிறுப்பு உயிருக்கு ஆபத்தானதாக இருக்காது. ஆனால் விறுவிறுப்பை வைத்து எது ஆபத்து, எது இல்லை என்று தொட்டுப் பார்த்து முடிவுசெய்யும் பழக்கம் ஆபத்தானது. மீட்டரை வைத்து அளக்கச் சொல்லுங்கள். லேப்டாப்பிலிருந்து வரும் கேபிளுக்கு டிஐ பாக்ஸ் போடுங்கள்.

இனி இந்தப் பெட்டியில் மிஞ்சியிருக்கும் 'உம்ம்'. வால்யூமை முழுக்கக் குறைக்கிறேன். மாறவே இல்லை. வால்யூம் குமிழுக்கு முன்னால் பிறக்கும் சத்தம் குமிழோடு ஏறி இறங்கும், பின்னால் பிறப்பது அதைப் பொருட்படுத்தாது. ஆகவே இது கடைசிக் கட்டத்திலோ மின்சாரம் தயாராகும் இடத்திலோ பிறக்கிறது. சுருதிப் பெட்டியை வைத்துப் பார்த்தேன். 'ஜி'-க்குச் சற்று மேலே, 100-ஆகத்தான் இருக்கிறது. நேர்மின்சாரத்தைச் சமமாக்கும் பெரிய கெப்பாசிட்டர்கள் உலரத் தொடங்கினால் வரும் ஒலி இது. குளத்தில் நீர் குறைந்தால் மதகின் அலைப்பு வாய்க்கால் வரை தெரிவதுபோல, அந்தக் கெப்பாசிட்டரில் கொள்ளளவு குறைந்ததும் 100-இன் அலைவு இசை வரை வந்துவிடுகிறது. அதற்குள் ஈரமான ஒரு திரவப்பூச்சு இருக்கிறது. பல ஆண்டுச் சூட்டில் அது வறண்டுபோகும், சில சமயம் மேற்புறம் உப்பிக்கொள்ளும். காரின் டிக்கியில், மாடி அறையில் வெயிலில் வைத்த பெட்டிக்கு இது சீக்கிரம் வரும்.

அதை இங்கே திறந்து காட்டப்போவதில்லை, நீங்களும் வீட்டில் திறக்க வேண்டாம். சுவிட்சை அணைத்து பிளக்கை உருவிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். வால்வு போட்ட பழைய ஆம்ப்ளிஃபயர்களில் அது 400 வோல்ட்டைத் தாண்டியும் இருக்கும். வால்வு ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு சொல்: அதில் 100-க்குப் பதில் 50 மட்டும் மென்மையாக ஒலித்தால் வால்வின் சூடேற்றும் இழையைச் சந்தேகப்படச் சொல்லி மெக்கானிக்கிடம் குறிப்புக் கொடுங்கள். அவருக்கு ஒரு நாள் வேலை மிச்சமாகும்.

மற்றொரு வகைச் சத்தத்துக்கு மின்சாரத்தோடு தொடர்பே இல்லை. வாசிக்காதபோது முழு அமைதி, ஒரு குறிப்பிட்ட சுரத்தைத் தொட்டால் மட்டும் 'டர்ர்'. இது பெட்டியில் தளர்ந்த திருகாணி, கிழிந்த ஸ்பீக்கர் கூம்பு, முன்வலைக் கம்பி, மேலே வைத்த காப்பித் தம்ளர். அந்தச் சுரத்தை ஒருவர் விடாமல் வாசிக்க, இன்னொருவர் பெட்டியை அங்கங்கே கையால் அழுத்த வேண்டும். கை பட்ட இடத்தில் சத்தம் நின்றால் அதுதான் இடம். கிட்டாரின் தந்தியே ஃபிரெட்டில் உரசுகிறதா என்று பார்க்க, கேபிளை உருவிவிட்டு வெறும் கிட்டாரில் காதை வைத்துக் கேளுங்கள்.

மாணவிக்குச் சொல்லிவிடுகிறேன்: உன் கேபிளை இப்போதே பற்றவைத்துத் தருகிறேன். பெட்டியை என்னிடம் விட்டுப் போ, திங்கட்கிழமை இரண்டு கெப்பாசிட்டர்களை மாற்றித் தருகிறேன். 'எல்லா பார்ட்ஸும்' வேண்டாம். உன் பிளக்கைப் பார்த்தேன், மூன்று முனையும் முழுசாக இருக்கிறது, அதற்கு என் நன்றி.

மேடையின் இடப்பக்கத்தில் மீட்டரும் பற்றவைக்கும் கோலும் ஈயமும் வைத்திருக்கிறேன். பையில் கேபிள் கொண்டு வந்தவர்கள் ஒவ்வொருவராக வாருங்கள். வரிசையில் நிற்கும்போது உங்கள் வீட்டு ஆம்ப்ளிஃபயரின் சத்தம் 'உம்ம்'-ஆ, 'ஜிர்ர்'-ஆ என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நான் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.